ஓவிலாவின் கூரையைக் கொல்லைப்புறத்தில் கட்டிப் பார்த்தது

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் 90 செ.மீ. சதுரத்தில் ஒரு கோதிக் (இடைக்கால ஐரோப்பிய பாணி) வளைகூரை நிற்கிறது. நான்கு மூலையிலிருந்தும் வளைவுகள் எழும்பி உச்சியில் ஒரே கல்லில் கூடுகின்றன. வளைவுகளின் இடைவெளியை மெல்லிய செங்கல் சில்லுகள் மூடுகின்றன. உள்ளே கம்பி இல்லை. கற்களுக்கு நடுவே இருப்பது சுண்ணாம்புச் சாந்து மட்டும். என் பையன் மேலே ஏறி உட்கார்ந்தும் பார்த்துவிட்டான், ஒன்றும் ஆகவில்லை. எப்படிக் கட்டினேன் என்பதை எழுதி வைக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் எதற்காக என்று சொல்லாமல் அளவுகளை மட்டும் கொடுத்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

வடக்குக் கலிபோர்னியாவில், சிகோ நகரத்துக்கு வடக்கே, வைனா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சாக்ரமெண்டோ ஆற்றுப் பள்ளத்தாக்கு, வால்நட் தோப்புகள், கோடையில் அனல். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தை நிறுவிய லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் ஒரு காலத்தில் இங்கே மாபெரும் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். அந்த நிலத்தின் ஒரு பகுதியில் 1955இல் கென்டக்கியின் கெத்செமனி மடத்திலிருந்து டிராப்பிஸ்ட் துறவிகள் வந்து நியூ கிளேர்வோ மடத்தைத் தொடங்கினார்கள். டிராப்பிஸ்டுகள், சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையின் கண்டிப்பான கிளை. இன்று அந்த மடத்தின் வளாகத்தில், ஸ்பெயினில் 800 வருஷத்துக்கு முன் செதுக்கிய கற்களோடு ஓர் அவைக்கூடம் நிற்கிறது. சாந்தா மரியா தெ ஓவிலா என்ற மடத்தின் அவைக்கூடம் அது. பாதி உலகம் தாண்டி வந்து, எண்கள் அழிந்து, கணிசமான கற்கள் தொலைந்து, அறுபது வருஷத்துக்கும் மேல் குவியலாகக் கிடந்த பிறகு மறுபடி எழுந்தது.

சுவர் என்றால் புரிகிறது. கல் போதாவிட்டால் புதுக்கல் வைத்துக் கட்டிக்கொண்டே போகலாம். வளைகூரைக்கு அது எப்படி முடியும்? ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லில் சாய்ந்து நிற்கிறது. எந்தக் கல் எங்கே என்று தெரியாமல், பாதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது? படித்துப் பார்த்தேன், முழுசாகப் பிடிபடவில்லை. சரி, கூரையின் ஒரு சதுரக் கட்டத்தையாவது கட்டிப் பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். “ஏங்க, இதுக்குக் கீழே என்ன வைக்கப் போறீங்க?” என்று என் மனைவி கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

முதலில் அந்தக் கற்களின் கதை. 1098இல் பிரான்ஸின் சீத்தோவில் தொடங்கிய சிஸ்டெர்சியன் சபை, மடங்களில் சேர்ந்துவிட்ட ஆடம்பரத்தை வெறுத்தவர்களின் சபை. தங்கள் கையால் உழைத்துச் சாப்பிட வேண்டும், கட்டடத்தில் சிற்பக் கூத்தெல்லாம் கூடாது, வெறும் கல்லும் வெளிச்சமும் போதும் என்பது அவர்களின் வழி. காஸ்டில் மன்னர் எட்டாம் அல்ஃபோன்சோ, முஸ்லிம் ஆட்சியிலிருந்து மீட்ட நிலங்களில் ஆட்களைக் குடியேற்ற இந்தத் துறவிகளைப் பயன்படுத்திக்கொண்டார். காட்டைத் திருத்தி உழவு செய்ய அவர்களைவிடத் தோதான ஆட்கள் கிடையாது. அப்படித்தான் குவாதலஹாரா மாகாணத்தில், தாஹோ ஆற்றங்கரையில், 1181 முதல் ஓவிலா மடம் எழுந்தது. தேவாலயத்துக்கு அடுத்தபடி அதில் முக்கியமான இடம் அவைக்கூடம். துறவிகள் தினமும் அங்கே கூடி, புனித பெனடிக்டின் ஒழுங்கிலிருந்து ஒரு பகுதியை வாசிப்பார்கள், வேலை பிரித்துக்கொள்வார்கள், செய்த தவறுகளை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்வார்கள்.

சில நூற்றாண்டு நன்றாக ஓடியது. பிறகு தேய ஆரம்பித்தது. 1835இல் ஸ்பெயின் அரசு சிறிய மடங்களைப் பறிமுதல் செய்தபோது ஓவிலாவும் போயிற்று. வாங்கிய தனியார், கட்டடங்களில் ஆடுமாடுகளைக் கட்டினார்கள். மாடுகள் கட்டடத்துக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் செய்யவில்லை. கெடுதல் 1931இல் வந்தது.

அமெரிக்கப் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட், வடக்குக் கலிபோர்னியாவில் விண்டூன் என்ற இடத்தில் ஒரு மாயக் கோட்டை கட்டத் திட்டமிட்டார். கட்டடக் கலைஞர் ஜூலியா மோர்கன். அதற்கு நிஜமான இடைக்காலக் கற்கள் வேண்டும் என்று மாட்ரிட்டில் இருந்த ஆர்தர் பைன் என்ற தரகர் மூலம் ஓவிலாவின் பகுதிகளை வாங்கினார். மடத்தின் தேவாலயம் அந்தக் கோட்டையில் நீச்சல்குளக் கூடமாக ஆகவிருந்தது என்பதைப் படித்தபோது சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கற்களைக் கழற்றி இறக்க, முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் பயன்பட்ட குறுகிய தண்டவாளங்களைக் கொண்டுவந்து போட்டார்கள். ஆற்றைக் கடக்க ஒரு படகுத்துறை அமைத்தார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஏப்ரலில் மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது. ஜூன் மாதம் ஓவிலாவைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். ஆனாலும் சுமார் 10,000 கற்கள் கிளம்பிவிட்டன. அந்த மாகாணத்தின் வரலாற்றை எழுதிய மருத்துவர் பிரான்சிஸ்கோ லாய்னா செர்ரானோ இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அவர் பதிவு செய்து வைக்காமல் போயிருந்தால் அந்த இடத்தின் பழைய நிலை பற்றி இன்று நமக்குத் தெரிவது மிகவும் குறைந்திருக்கும்.

கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தன. ஹெர்ஸ்டின் பணம் பொருளாதார மந்தத்தில் கரைந்துகொண்டிருந்தது. கோட்டைத் திட்டம் நின்றது. கற்கள் கிடங்கில் கிடந்தன, வாடகை ஏறியது. 1941இல் கற்களை நகரத்துக்கே கொடுத்துவிட்டார். கோல்டன் கேட் பூங்காவில் ஒரு இடைக்கால அருங்காட்சியகம் கட்டுவதாகப் பேச்சு. கட்டவில்லை. மரப்பெட்டிகள் பூங்காவில் வெட்டவெளியில் கிடந்து, பல முறை தீப்பிடித்தன. எந்தக் கல் எந்த இடத்துக்கு என்ற குறிப்பெல்லாம் பெட்டிகளோடு எரிந்தது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், காளவாயில் நடப்பது அதுதான். நெருப்பில் நன்றாக மாட்டிய கற்கள் வெடித்தும் பொரிந்தும் உதவாமல் போயின. மிச்சத்தில் சிலவற்றைப் பூங்கா ஊழியர்கள் தாவரத் தோட்டத்தில் பாத்தி ஓரமாகவும் சுவராகவும் வைத்தார்கள்.

ஹெர்ஸ்டுக்கு இது புதிதும் இல்லை. 1925இல் செகோவியா பக்கம் சாக்ரமேனியா என்ற ஊரின் சிஸ்டெர்சியன் மடத்திலிருந்து ஒரு தாழ்வாரச் சதுக்கத்தையே வாங்கியிருந்தார். கற்கள் வைக்கோல் வைத்துக் கட்டிய சுமார் 11,000 பெட்டிகளில் நியூயார்க் வந்தன. ஸ்பெயினில் கால்நடைகளுக்குக் கோமாரி இருந்ததால் வைக்கோலை எரிக்க உத்தரவு. பெட்டியைப் பிரித்து வைக்கோலை எரித்துவிட்டுக் கற்களைத் திரும்பப் போட்டபோது பெட்டி மாறிப் போட்டார்கள். எண் போட்ட பெட்டி இருந்தும் பயனில்லை. 1952இல் வேறு ஆட்கள் வாங்கி மயாமியில் அடுக்கி முடிக்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று, சில கற்கள் இடம் கிடைக்காமலே மிஞ்சின. ஒரே மனிதரின் கையில் இரண்டு மடங்கள் இப்படிக் கலைந்ததைப் பார்த்தால், தீயைவிட அலட்சியத்தின் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இனி வேலை.

ப்ளைவுட் தாள் ஒன்றைத் தரையில் போட்டு, அதில் முழு அளவிலேயே வரைந்தேன். சின்னத் தாளில் வரைந்து பெருக்குவதைவிட இதுதான் பழைய முறை. யார்க், வெல்ஸ் ஆகிய ஊர்களின் பேராலயங்களில், கொத்தர்கள் கல் அளவுக்கே கோடு கீறிய தளங்கள் இன்னும் இருக்கின்றன. 90 செ.மீ. சதுரம் என்றால் மூலைவிட்டம் 127 செ.மீ. சொச்சம். மூலைவிட்டத்தின் மேல் அரைவட்டம் போட்டால் ஆரம் 63.6 செ.மீ., உயரமும் அதுவே. பக்கத்து வளைவுகளின் அகலமோ 90தான். அதன் மேலும் அரைவட்டமே போட்டால் 45 செ.மீ.யில் நின்றுவிடும். நடுவில் உயர்ந்து பக்கங்களில் தாழ்ந்த, கட்டச் சிரமமான கூரை கிடைக்கும். அரைவட்ட வளைவை மட்டும் வைத்துக்கொண்டு ஐரோப்பியக் கொத்தர்கள் பல தலைமுறை இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டினார்கள்.

கூர்நுனி வளைவு இதைத் தீர்த்த விதம் அழகு. மூலைவிட்டத்துக்கு வைத்த கவராயத்தை மாற்றாமல், அதே 63.6 ஆரத்தில் பக்க வளைவின் இரண்டு பாதிகளையும் தனித்தனியாக வரைந்தால், அவை 60.8 செ.மீ. உயரத்தில் ஒரு கூர்முனையில் சந்திக்கின்றன. நடு உச்சிக்கும் பக்க உச்சிக்கும் வித்தியாசம் மூன்று செ.மீ. கூட இல்லை. 13ஆம் நூற்றாண்டில் வியார் தெ ஒன்கூர் என்பவர் வைத்திருந்த வரைவேடு பாரிஸில் இருக்கிறது. கவராயத்தை ஒரே தடவை விரித்து மூன்று வகை வளைவுகளை வரையும் விதம் அதில் ஒரு சின்னப் படமாக இருக்கிறது. அதே ஏட்டில், சதுரங்களாலேயே அமைந்த ஒரு சிஸ்டெர்சியன் தேவாலயத்தின் தரைப்படமும் இருக்கிறது. அந்தப் படங்களை முன்பு பார்த்தபோது தாண்டிப் போயிருந்தேன். ப்ளைவுட்டில் மண்டிபோட்டு வரையும்போதுதான் அதன் அருமை தெரிந்தது.

ஏனென்றால் எல்லா வளைவுக்கும் ஒரே ஆரம் என்றால், எல்லா வளைவுக்கும் ஒரே கல். ஒரு கல்லுக்கு 9 பாகை என்று வைத்துக்கொண்டேன். சாந்து நிரம்பும் இடைவெளியையும் சேர்த்து உள்முகம் 9.5 செ.மீ., வெளிமுகம் 10.5 செ.மீ., கனம் 6, அகலம் 5. மூலைவிட்ட வளைவின் ஒரு பாதிக்குப் பத்துக் கல், அதில் கடைசிக் கல்லின் இடத்தை உச்சிக்கல் எடுத்துக்கொள்ளும். பக்க வளைவின் ஒரு பாதி 73 பாகை, அதாவது எட்டுக் கல்லும் கொசுறாக ஒரு பாகையும். அந்தக் கொசுறு உச்சியில் சாந்தோடு போய்விடும். ஒரே ஒரு மர அச்சு செய்து, வெள்ளைச் சிமெண்ட்டும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து வார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூலைகளில்தான் வேலை கடினம். ஒவ்வொரு மூலையிலும் ஒரு மூலைவிட்ட வளைவும் இரண்டு பக்க வளைவுகளும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. கீழே மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று புதைந்திருக்கும், மேலே போகப் போகத்தான் பிரியும். 5 செ.மீ. அகல வளைவுகள் தனித்தனியாகப் பிரிய ஏறத்தாழ 25 பாகை ஏற வேண்டும் என்று கணக்கு வந்தது. அதனால் முதல் மூன்று கற்களின் உயரம் முழுவதற்கும், 27 பாகை வரை, மூன்று வளைவுக்கும் சேர்த்து ஒரே மூலைக்கல். உயரம் சுமார் 29 செ.மீ. கோதிக் கொத்தர்களும் இந்த இடத்தைப் படுக்கைவாட்டில் அடுக்கிய பெரிய கற்களால்தான் கட்டினார்கள், சாய்வான சந்துகள் வளைவுகள் பிரிந்த பிறகுதான் தொடங்கும்.

இதை வார்க்க முடியவில்லை, அச்சு மிகவும் சிக்கலாகிவிடும். கல் கடை ஒன்றில் மெத்தென்ற சுண்ணாம்புக்கல் வெட்டுத்துண்டுகள் மலிவாகக் கிடைத்தன. அடிமுகத்துக்கு ஒரு தகடு, மேல்முகத்துக்கு ஒரு தகடு வெட்டி, கல்லின் இரண்டு முகத்திலும் கோடு கீறி, இரண்டு கோடுகளையும் இணைத்துக்கொண்டு உளியால் இறங்க வேண்டும். நடுவில் வளைவு சரியா என்று பார்க்க ஆரத்துக்கு வெட்டிய மூன்றாவது தகடு. கல்வேலை எனக்குப் பழக்கமில்லை. ஆனால் தகடுகள் மூன்றும் சரியாக இருந்தால் கை தப்புவதற்கு அதிக இடம் இல்லை என்பது இரண்டாவது மூலைக்கல்லிலேயே தெரிந்துவிட்டது. கரடுமுரடைப் பெரிய உளி எடுக்கும், கடைசி இரண்டு மி.மீ.க்கு அரம். உச்சிக்கல்லும் அதே கல்லில். நான்கு பக்கமும் வளைவுகள் வந்து முட்ட நான்கு சாய்முகங்கள், அடியில் வெறும் வட்டம். அதில் பூவேலை செய்யலாம் என்று பையன் சொன்னான். சிஸ்டெர்சியன் சபைக்குச் சிற்பம் ஆகாது என்று தப்பித்துக்கொண்டேன். உண்மையில் அவர்களும் இலை, பூ அளவுக்கு அனுமதித்தார்கள். விலங்கு, பூதம், அரைமனித உருவங்களைத்தான் அந்தச் சபையின் பெரிய தலைவரான கிளேர்வோவின் பெர்னார்ட் கடுமையாகச் சாடினார்.

கணக்கு போட்டுப் பார்த்தால் மூலைக்கற்கள் போக வளைவுக்கு வேண்டிய கற்கள் 64. பையனிடம் அத்தனையையும் கலைத்துப் போடச் சொல்லி, கையில் கிடைத்த வரிசையில் எடுத்துத் தரையில் வரைந்த கோட்டின் மேல் அடுக்கினேன். எல்லாம் உட்கார்ந்தன. நான் தேடிக்கொண்டிருந்த பதிலில் பெரும்பகுதி இதிலேயே இருந்தது. இந்த 64 கற்களுக்கு எண்ணே தேவையில்லை. எண் தேவைப்படுவது ஐந்தே ஐந்துக்கு, அவற்றையும் பார்த்தவுடனே அடையாளம் தெரியும். மூலைக்கல் ஒன்று கையில் இருந்தால் அதன் அடிமுகம் தூணின் அளவைச் சொல்லும், வளைவு ஆரத்தைச் சொல்லும், மேல்முகங்களின் கோணம் எந்த வளைவு எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லும். அங்கிருந்து முழுக் கூரையையும் வரைந்துவிடலாம். உளியால் கையால் செதுக்கிய நிஜக் கற்களில் கல்லுக்குக் கல் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் என்பது வேறு விஷயம். பக்கத்துக் கல்லோடு விளிம்பு ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனாலும் அது தடவிக் கண்டுபிடிக்கும் வேலை, குருட்டு வேலை அல்ல.

சென்ட்ரிங் எல்லாம் ப்ளைவுட். நான்கு பக்க வளைவுக்கு நான்கு பலகை, மூலைவிட்டத்துக்கு ஒரு முழு அரைவட்டம், அதன் குறுக்கே இரண்டு கால்வட்டங்கள். நம் ஊரில் தளத்துக்குச் சென்ட்ரிங் பிரிப்பதுபோல முட்டுகளைத் தட்டி எடுத்துவிட முடியாது. வளைவு முழுவதும் ஒரே சீராக, மி.மீ. கணக்கில் கீழே இறங்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு காலின் அடியிலும் எதிரெதிராக வைத்த இரண்டு மர ஆப்புகள். கட்டும்போது தட்டி ஏற்றலாம், முடிந்ததும் மெல்லத் தட்டித் தளர்த்தலாம். நான்கு மூலையிலும் 40 செ.மீ. உயரச் செங்கல் தூண். தூண்களின் தலையில், நான்கு பக்கமும் சுற்றி மரை போட்ட எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டினேன். வளைவு வெளியே தள்ளும். பெரிய கட்டடத்தில் அடுத்த கட்டத்தின் வளைவும் தடித்த சுவரும் அந்தத் தள்ளுவிசையை ஏற்கும். என்னிடம் அடுத்த கட்டம் இல்லை.

சாந்துக்குத் தண்ணீரிலேயே இறுகும் வகைச் சுண்ணாம்பு ஒரு பங்கு, கூரிய மணல் இரண்டரைப் பங்கு. சிமெண்ட் சாந்து வைத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் சிமெண்ட் இந்தக் கல்லைவிடக் கெட்டி. கூரை கொஞ்சம் அசைந்தால் சாந்து விட்டுக்கொடுக்காது, கல்தான் உடையும். சுண்ணாம்பு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், மயிரிழை விரிசல் விட்டாலும் பிறகு திருத்திக்கொள்ளலாம். பிரச்சினை வெயில். எங்கள் பள்ளத்தாக்கில் கோடையில் 40 டிகிரி சாதாரணம், காற்றில் ஈரமே இருக்காது. சாந்து இறுகுவதற்கு முன்பே காய்ந்துபோய், விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். அதனால் கல்லை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, விடிகாலையில் மட்டும் கட்டி, வெயில் ஏறுவதற்குள் ஈரச் சணல் சாக்கால் மூடிவிடுவேன். மாலையில் மறுபடி தண்ணீர். வேலைக்குப் போகும் நாளில் சாக்கை நனைக்கும் பொறுப்பு மாமியாருடையது. சென்னையில் அவர்கள் வீடு கட்டியபோது மேற்பார்வை பார்த்தவர், எனக்கு அவர் சொன்ன திருத்தங்களைத் தனிப் பதிவாகவே எழுதலாம்.

பக்க வளைவுகள் முதலில். இரண்டு புறமிருந்தும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஏறினால் சென்ட்ரிங் பலகை மறுபக்கம் உப்பும். உச்சிக்கல்லைச் சென்ட்ரிங்கின் தலையில் முதலிலேயே வைத்து, தூக்குக்குண்டு விட்டு நடுவைப் பார்த்துக்கொண்டேன். மூலைவிட்ட வளைவுகள் அதை நோக்கி ஏறின. கடைசிக் கற்களைச் செருகும்போது சாந்து இடைவெளியைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டலாம்.

கூரைச் சில்லுகள் எதிர்பார்த்ததைவிடச் சுலபம். செங்கல்லை 2.5 செ.மீ. கனத்தில் அறுத்து, வளைவிலிருந்து வளைவுக்கு ஒரு வரிசை, அதன் மேல் அடுத்த வரிசை. ஒவ்வொரு வரிசையும் லேசாக மேல்நோக்கி வளைந்தால் தானாகவே நிற்கும், அடியில் முழுப் பலகை தேவையில்லை. கையால் பிடிக்கும் ஒரு சின்ன வளைந்த கட்டை போதும். இந்தப் பக்க, மூலைவிட்ட வளைவுகளை முதலில் நிறுத்திவிட்டால், பாக்கிக் கூரைக்குக் காடு காடாக மரம் வெட்டிச் சென்ட்ரிங் போட வேண்டாம். மரத்துக்கும் ஆளுக்கும் கணக்குப் பார்த்த ஒரு மடத்துக்கு இது எவ்வளவு மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் ஈரம் காத்த பிறகு ஆப்புகளைத் தட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு, சுற்றி வந்து மறுபடி ஒரு தட்டு. பலகைக்கும் கல்லுக்கும் நடுவே முதலில் ஒரு தாள் நுழைந்தது, பிறகு அட்டை, பிறகு விரல். உச்சிக்கல் ஒரு மி.மீ.க்கும் கொஞ்சம் கூடுதலாக இறங்கி நின்றுவிட்டது. இரண்டு பக்க வளைவின் உச்சியில் மயிரிழைக் கோடு தெரிந்தது. கல்லெல்லாம் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும்போது அது வரத்தான் செய்யும்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு மூலையில் மட்டும், தூணுக்கும் மூலைக்கல்லுக்கும் நடுவே இரண்டு எஃகுத் தகடுகளும் அவற்றின் இடையே உருளைகளும் முன்பே வைத்திருந்தேன். அந்த மூலையின் கம்பிகளைத் தளர்த்தி, அதற்குப் பதில் மூலைவிட்டத் திசையில் ஒரு ஸ்பிரிங் தராசால் பிடித்துக்கொண்டேன். அந்த மூலையில் இறங்கும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு வெளியே தள்ளுகிறது. எடை வெறும் சுமை, தள்ளுவிசை ஓயாது. கூரை இருக்கும் வரை இரவு பகலாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். மடத்துச் சுவர்களின் தடிமன் ஏன் அப்படி என்று இப்போது கையில் உணர்ந்துவிட்டேன்.

வைனாவுக்கு வருகிறேன். 1955இல் வந்த இளம் துறவிகளில் தாமஸ் டேவிஸ் என்பவருக்கு, சான் பிரான்சிஸ்கோ வந்து இறங்கிய கையோடு பூங்காவில் கிடந்த இந்தக் கற்களைக் காட்டினார்கள். அவர் பின்னால் மடத்தலைவர் ஆனார். கற்களைக் கேட்டு நகரத்தோடு பல வருஷம் பேசி, 1994இல் வாங்கினார். அதற்கு முன் 1980களில் மார்கரெட் பர்க் என்ற கட்டடக்கலை வரலாற்றாசிரியர் குவியலுக்குள் புகுந்து, அவைக்கூடத்தின் கற்களை இனம் பிரித்துக் குறித்து வைத்தார். பாதிக்கும் மேல் தப்பியிருந்தன. அந்தப் பட்டியல் வந்த பிறகுதான் இது நடக்கக்கூடிய காரியம் என்று ஆனது. லாரிகளில் வந்த கற்களைக் கல்தச்சர்கள் அளந்து, இடம் கண்டு, இல்லாதவற்றைப் புதுச் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கினார்கள். கலிபோர்னியாவின் நிலநடுக்க விதிகளுக்காக உள்ளுக்குள் நவீன வலுவூட்டலும் உண்டு. பணத்துக்கு நன்கொடை, மடத்தின் சொந்தத் திராட்சை மது. சிகோவின் சியரா நெவாடா ஆலையும் 2011இல் ஓவிலா பெயரில் பெல்ஜிய பாணி பீர் இறக்கி வருமானத்தில் ஒரு பங்கு கொடுத்தது. பெல்ஜியத்தின் டிராப்பிஸ்ட் மடங்கள் பீருக்குப் பேர்போனவை என்பதால் இதில் யாருக்கும் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

பழசும் புதுசும் கலந்தது எப்படி நிஜமான கட்டடம் ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. மூலைக்கல்லைச் செதுக்கிய பிறகு எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு பெரிதாகப் படவில்லை. ஆரத்தையும் கோணத்தையும் பழைய கல்லிலிருந்து எடுத்துச் செதுக்கிய புதுக்கல், பழைய கொத்தர் அன்று உடைந்த கல்லுக்கு மாற்றாக என்ன செதுக்கியிருப்பாரோ அதுதான். ஸ்பெயின்காரர்களின் வருத்தம் வேறு, அது நியாயமானது. த்ரீயோ ஊருக்குப் பக்கத்தில் தாஹோ கரையில் மடத்தின் மிச்சம் இன்னும் நிற்கிறது. தாழ்வாரத்தின் வளைவுகளில் ஒரு பகுதியும் வளைகூரை போட்ட ஒரு கிடங்கும் அங்கே உண்டு. அந்தப் பக்கமே ஓர் அணுமின் நிலையமும் வந்துவிட்டது. தேவாலயத்தின் வாசல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடத்தோடு நிற்கிறது, யாரும் அதன் வழியே பூசைக்குப் போவதில்லை. வைனாவில் மட்டும்தான் அந்தக் கற்கள் அதே சபையின் கைக்கே திரும்பிப் போய், துறவிகள் கூடும் இடமாக மறுபடி ஆகியிருக்கின்றன. எனக்கு அதுவே போதுமான நியாயமாகப் படுகிறது.

இதை யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். கடின மரத்தில் ஆப்புகள் செய்யுங்கள், சாக்கின் ஈரத்தில் மென்மரம் உப்பிப்போய்ப் பிடித்துக்கொள்ளும், தட்டினால் அசையாது. கம்பிகளின் மரைகளுக்கு மாதம் ஒரு முறை கிரீஸ் போட்டு இறுக்கம் பாருங்கள், வெயிலில் நீண்டு இரவில் சுருங்குவதால் தளர்ந்துவிடுகின்றன. அடுத்து நடுவில் ஒரு தூண் வைத்து நான்கு கட்டமாகச் செய்ய உத்தேசம். அச்சும் தகடுகளும் அப்படியே இருக்கின்றன. தூணின் தலையில் நான்கு கட்டத்தின் வளைவுகளும் வந்து இறங்கும் அந்த ஒரு கல்லைத்தான் இன்னும் வரைந்து முடிக்கவில்லை.